எப்போதும் அனுமதி

ரஷீதா பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க் அறையில் வேலை பார்த்தாள். கணினிச் சந்தேகங்களுக்கு அவளிடம் ஓடிவரும் ஆராய்ச்சி மாணவிகள் அவளைக் குரு என்பார்கள். அவர்களில் ஒருத்தியான பொற்செல்வி அவளுக்கு மூன்று வயது மூத்தவள். ஆனாலும் சிஷ்யை.

அன்று பொற்செல்வி திறந்த லேப்டாப்போடு உள்ளே வந்தாள்.

“குருவே, இந்த அநியாயத்தைப் பாரு!”

எந்தெந்த மென்பொருள் இணையத்துக்குப் போகிறது என்று காட்டும் கருவியைப் போன வாரம் ரஷீதாதான் போட்டுக் கொடுத்திருந்தாள். பொற்செல்வி தன் ஆராய்ச்சிப் பேட்டிகளுக்குப் பயன்படுத்திய, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளின் பெயர் அந்தப் பட்டியலில் நானூறு முறை இருந்தது.

“பன்னிரண்டு மில் பொண்ணுங்க. சூப்பர்வைசர் பண்ற அசிங்கத்தையெல்லாம் என்னை நம்பிச் சொன்னாங்க. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். இந்தத் திருட்டுச் சனியன் அத்தனை பேச்சையும் எங்கேயோ கொண்டுபோய்க் கொட்டியிருக்கு! யாரைக் கேட்டுக் கொட்டுச்சு?”

ரஷீதா அதன் அமைப்புகளைத் திறந்து பார்த்தாள்.

“உங்களைத்தான், அக்கா. முதல் நாளே கேட்டிருக்கு. ‘எப்போதும் அனுமதி’ன்னு அழுத்தியிருக்கீங்க.”

“அறுபது பக்கம் இங்கிலீஷ்ல எழுதிவச்சு, அடியில ஒரு பொத்தான். அழுத்தலேன்னா வேலையே செய்யாது. இதுக்குப் பேரு கேக்கறதா?”

“இல்ல. அயோக்கியத்தனம்.”

“அப்படிச் சொல்லு!”

“அந்தப் பொண்ணுங்ககிட்ட அனுமதி வாங்கினீங்களா?”

“வாங்காமலா? எல்லார் கையெழுத்தும் இருக்கு. யுனிவர்சிட்டி கமிட்டி குடுத்த படிவம்.”

“எத்தனை பக்கம்?”

“ஒன்பது.”

“என்ன மொழி?”

பொற்செல்வியின் குரல் இறங்கியது.

“இங்கிலீஷ்.”

“படிச்சாங்களா?”

“ஷிஃப்டுக்கு நேரமாச்சுன்னு நின்னுக்கிட்டே போட்டாங்க... ரஷீதா, ரெண்டையும் ஒண்ணாக்காதே! நான் அவங்களுக்காகத்தான் பண்றேன்.”

ரஷீதா அந்த மென்பொருளின் முகப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினாள். ‘எல்லாம் உங்களுக்காக’ என்று பெரிய எழுத்தில் இருந்தது.

பொற்செல்வி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “இதை நிறுத்து” என்றாள்.

ரஷீதா ஒரு பொத்தானை அழுத்தினாள்.

“இனிமே போகாது.”

“போனது?”

“போனது போனதுதான். பன்னிரண்டு பேர் வீட்டுக்கும் போங்க அக்கா. நடந்ததைச் சொல்லுங்க. படிவத்துல இருக்கறதையும் தமிழ்ல சொல்லுங்க.”

“சொன்னா, எல்லாத்தையும் அழிச்சிடும்பாங்க. மூணு வருஷம், ரஷீதா! என் ஆராய்ச்சியே அதுதான்.”

“அதை அவங்க சொல்லட்டும்னுதான் போறீங்க.”