பின்வரிசைக் குரல்

நவாபு காலத்தில், ஊர்க் குளத்தைத் தன் குதிரைகளுக்கென்று அடைத்துவிட்டார் திவான் குலாம் கான். "இது தவறு!" என்று சந்தையில் நின்று முழங்கினார் பதுருத்தீன் ஆலிம். அப்போது அவரை யாருக்கும் தெரியாது. கிழிந்த ஜிப்பாவும் வெண்கலக் குரலும்தான் அவர் சொத்து.

திவான் பள்ளிவாசலுக்கே வந்து குதித்தார். "பெரியவனைச் சிறியவன் திருத்தியும் பெரியவன் மரியாதை குறையாத இடம் ஒன்றைக் காட்டும். இல்லாவிட்டால் இன்றே ஊரைவிட்டுப் போய்விடும்!"

"காட்டுகிறேன். அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. இன்று தாங்களே முன்னால் நின்று தொழவையுங்கள்" என்றார் ஆலிம். கோபத்தில் இருப்பவருக்குக் கணக்கு நிற்காது என்பது அவருக்குத் தெரியும்.

அஸருக்கு நான்கு ரகஅத், அதாவது நான்கு சுற்று; நான்காவதோடு உட்கார வேண்டிய திவான், ஐந்தாவதற்கு எழுந்துவிட்டார். "சுப்ஹானல்லாஹ்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். தொழவைப்பவர் தவறினால் பின்னால் நிற்பவர் அப்படித்தான் உணர்த்துவார். திவான் சட்டென்று உட்கார்ந்தார்.

தொழுகை முடிந்து திரும்பிப் பார்த்தால், குரல் கொடுத்தவர் அவருடைய குதிரைக்காரர் பக்கீர்!

"குதிரைக்காரர் சொன்னார், உட்கார்ந்தீர்கள். தங்கள் மரியாதை எங்கே குறைந்தது, திவான் சாகிப்?" என்றார் ஆலிம்.

மறுநாளே குளம் திறந்தது. ஆலிமின் பெயர் நாடெங்கும் பரவியது. எந்தச் சபையிலும், "நான் தவறினால் பின்வரிசையிலிருந்து குரல் கொடுங்கள்" என்றுதான் தொடங்குவார்.

ஒருநாள் பேச்சு வேகத்தில் ஓர் ஊரின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார். "சுப்ஹானல்லாஹ்!" என்று குரல் வந்தது. ஆலிம் உடனே திருத்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். பின்வரிசையில், பக்கீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குரல் கொடுத்தவர் திவான்.