வாசிக்காத மேல்பாதி

“இன்னும் எத்தனை ஞாயிறு, ஆயரம்மா, என்னை வெறுமனே வாசிக்க மட்டும் விடுவீங்க?”

கேட்டது பொன்னையா. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். இப்போது ஆயர் கனகத்தின் சபையில் உபதேசியார், ஆராதனையில் வேதம் வாசித்து ஆயருக்கு உதவுகிறவர்.

ஆயர் கனகம் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பொன்னையாவைவிடப் பதினைந்து வயது இளையவர்.

“வாசிக்கிறது கஷ்டமா?”

“வாசிச்ச உடனே போய் உட்காரணும். டேப் ரெக்கார்டர்னு பேரு வச்சிட்டாங்க எனக்கு.”

“நல்ல டேப் ரெக்கார்டர் இப்பல்லாம் கிடைக்கிறதில்லையே.”

பொன்னையா சிரிக்கவில்லை.

“போன மாசம் நீங்க ஊர்ல இல்லாதப்ப, பியூலா பிள்ளையோட அடக்கத்துக்கு நான்தான் பிரசங்கம் பண்ணினேன். கல்லறைத் தோட்டத்துல அழாத ஆள் இல்ல. நீங்க வந்ததும் என் வாயைக் கட்டிட்டீங்க. என்ன தப்பு பண்ணினேன்?”

“எதை வச்சுப் பேசினீங்க?”

“வேதத்துல, பிள்ளையைப் பறிகொடுத்த ராஜாவை வச்சு. பிள்ளை இனி நம்மகிட்ட வராது, நாமதான் ஒருநாள் அதுகிட்டப் போவோம்னு சொல்றாரே, அந்த இடம். பெத்தவளுக்கு அதைவிட ஆறுதல் எது?”

கனகம் மேசையில் இருந்த வேதத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“பியூலா வீட்டுக்குப் போங்க. அவ சொல்ற இடத்தை வாசிங்க. பிரசங்கம் வேண்டாம்.”

*

பியூலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பிறந்தது இரட்டை. ஒன்று மண்ணுக்குள். மற்றது அறையின் அந்தக் கோடியில், தொட்டிலில் அழுதது. அவள் திரும்பவில்லை. புருஷன்தான் புட்டியில் பால் கலக்கிக்கொண்டு ஓடினான்.

“என்ன வாசிக்கட்டும்மா?”

“அன்னிக்கு வாசிச்ச அதே அதிகாரம், ஐயா. மேல இருந்து.”

பொன்னையா ஆரம்பித்தார். கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல் அவருக்கு.

ராஜா செய்த பாவம் வந்தது. தீர்க்கதரிசி வந்து முகத்துக்கு நேரே சொன்னது வந்தது. அந்தப் பாவத்துக்காக அவன் பிள்ளை சாகும் என்ற இடம் வந்தது.

குரல் நின்றது.

“வாசிங்க ஐயா. எனக்கு மனப்பாடம். அடக்கம் முடிஞ்ச அன்னிக்கு, ஆறுதலா இருந்துச்சேன்னு நானே எடுத்துப் படிச்சேன். நீங்க கீழ்ப்பாதியை மட்டும்தான் வாசிச்சிருக்கீங்க.”

“அது அந்த ராஜாவுக்குச் சொன்னதும்மா.”

“நான் என்ன பண்ணினேன்னு தேடிக்கிட்டே இருக்கேன். அப்பா பேச்சை மீறிக் கட்டிக்கிட்டேன். அதுவா? ஸ்கேன்ல ரெண்டுன்னு சொன்னப்ப, ஒண்ணு போதுமேன்னு நினைச்சேன். அதுவா?”

தொட்டிலில் அழுகை தேய்ந்து விக்கலாயிற்று.

“பாவம் என்கிட்ட இருந்தா, நான் தொட்டா இவளும் போயிடுவா. அதான் தூக்கல.”

பொன்னையா வேதத்தை மூடி மடியில் வைத்தார்.

“அந்த ராஜா கதைக்கும் உன் பிள்ளைக்கும் சம்பந்தமே இல்லம்மா,” என்றார். “ஒரு வசனம் அழகா இருந்துச்சு. அதை மட்டும் பிச்சு எடுத்துட்டு வந்துட்டேன். மேல என்ன இருக்குன்னு யோசிக்கல. தப்பு என்னுது.”

பியூலா முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அன்னிக்கு எவ்வளவு நிச்சயமாப் பேசினீங்க. இன்னிக்குக் குரல் நடுங்குது. நான் எதை நம்புறது, ஐயா?”

*

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். வாசித்தார். பேசவில்லை.

சனிக்கிழமை பொன்னையா ஆயர் முன்னால் வந்து நின்றார்.

“அது அவ பாவத்தால இல்லன்னு நீங்களே போய் அவளுக்குச் சொல்லியிருக்கலாமே, ஆயரம்மா.”

“நாலு தடவை சொன்னேன். அவ காதுல நிக்கிறது என் குரல் இல்லையே.”

கனகம் ஆராதனை நோட்டைத் திறந்தார். பிரசங்கம் என்று போட்டிருந்த இடத்துக்கு நேரே பொன்னையாவின் பெயரை எழுதி, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“நாளைக்கு நீங்க பேசுங்க.”

பொன்னையா தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக நோட்டை மூடினார்.

“அவ இன்னும் பிள்ளையைத் தூக்கலம்மா.”