நெஞ்சுவலிக்கு மிருதங்கம்

கீழ்மாம்பட்டு கூத்து ஜமாவில் நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு தேறும் என்று ஊரில் யாரும் எடை போட்டதில்லை. தராசை எதற்கு வீணாகத் தூக்குவது என்று விட்டுவிட்டார்கள். ஆனால் சொன்ன சொல்லை அட்சரம் பிசகாமல் செய்வதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

நாலு பேரில் ஜெயவேலுவுக்கு ஒரே ஒரு ஆசை. விடிய விடிய நடக்கும் கூத்தில் அவன் சேவகனாக வருவான், "உத்தரவு மகாராஜா" என்பான், ஓரமாக நிற்பான். அவ்வளவுதான் அவன் பாகம். சாவதற்குள் ஒரு தடவையாவது ராஜா வேஷம் கட்டிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தான்.

மழைக்காலத்தில் கூத்து ஏது? சும்மா இருந்தவர்களை மருத்துவக் கல்லூரி டாக்டர் நசீமா கூப்பிட்டு அனுப்பினார். மாணவர்கள் நோயாளியிடம் பேசி, தொட்டுப் பார்த்து, நோயைக் கண்டுபிடிக்கப் பழக வேண்டுமாம். நிஜ நோயாளியை ஆளாளுக்கு அமுக்கிப் பார்த்தால் மனுஷன் போய்ச் சேர்ந்துவிடுவார். அதனால் நோயாளியாக நடிக்க ஆள் தேவை. ஜெயவேலுவுக்கு நெஞ்சுவலி கிடைத்தது.

"இதுல நீ நின்னுட்டா, பங்குனிக் கூத்துல ராஜா நீதான்," என்றார் ஜமாவின் வாத்தியார் துரைக்கண்ணு. அன்று ஜெயவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டரம்மா மூன்றே விஷயம் சொன்னார். வலி முகத்தில் தெரிய வேண்டும். எந்த மாணவர் வந்தாலும் ஒரே மாதிரி பதில் சொல்ல வேண்டும். நோய் நிஜம் என்று பிள்ளைகள் நம்ப வேண்டும். சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனார், பாவம்.

முகத்தில் தெரிய வேண்டும் என்றதும் அரிதாரப் பெட்டியைத் திறந்தார்கள். ஜமாவுக்கு முகம் எழுதுவது பூங்காவனம்.

"கோவத்துக்குச் சிவப்பு. நெஞ்சுவலிக்கு இன்னா கலரு வாத்தியாரே?"

வாத்தியார் ஜெயவேலுவின் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "வலி எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"அப்ப இடது பாதிக்கு மட்டும் பச்சை அடி. வலது பாதி நல்லாத்தானே கீது."

இதில் குற்றம் சொல்ல யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

முதலில் ஒரு மாணவி வந்தாள். பாதிப் பச்சை முகத்தைப் பார்த்து ஓரடி பின்வாங்கினாள், ஆனாலும் சமாளித்துக்கொண்டாள். பெயர் கேட்டாள், ஜெயவேலு என்றான். வலி எப்போதிலிருந்து என்றாள்; நேற்றிலிருந்து என்றான். கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்றாள்; கருவாட்டுக் குழம்பு என்றான். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, இதயம் அருமையாக இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று அன்பாகச் சொன்னாள். ஜெயவேலுவின் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

உடனே ஜமா கூடியது.

"மூஞ்சி நடிச்சுது. கை நடிச்சுது. நெஞ்சுதான் நடிக்கல," என்றார் வாத்தியார்.

"அது உள்ள கீது வாத்தியாரே. சொன்னா கேக்க மாட்டேங்குது," என்று ஜெயவேலு விசும்பினான்.

மிருதங்கம் வாசிக்கும் ஏகாம்பரம் தொண்டையைக் கனைத்தான். "அடிக்கிற வேலைதானே? அத நான் பாத்துக்கறேன்." மிருதங்கத்தோடு கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். போர்வையைத் தரை வரை இழுத்துவிட்டார்கள்.

அடுத்து வந்தவன் ஒல்லியான ஒரு பையன். அவனுக்குக் கேள்விகளை வேறு வரிசையில் கேட்டுப் பழக்கம். ஜெயவேலுவோ முதலில் சொன்ன மாதிரியேதான் சொல்வது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தான்.

"கடைசியா என்ன சாப்பிட்டீங்க?"

"ஜெயவேலு."

"உங்க பேரு?"

"நேத்துலேருந்து."

"வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"கருவாட்டுக் கொழம்பு."

பையனுக்கு வியர்த்துவிட்டது. ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தான். கீழே ஏகாம்பரம் சண்டைக் காட்சிக்கு அடிக்கிற அடியை எடுத்தான். கட்டில் குலுங்கியது. ஆனாலும் பையன் நன்றாகப் படிக்கிறவன்; கண்ணை மூடிக் கவனமாகக் கேட்டுவிட்டு, "ஐயா, துடிப்பு சீராவே இல்லையே," என்றான்.

ஏகாம்பரத்தை யார் எது சொன்னாலும் தாங்கிக்கொள்வான், கட்டிய பெண்டாட்டி திட்டினாலும் சிரிப்பான். இது மட்டும் பொறுக்காது. போர்வையை விலக்கித் தலையை வெளியே நீட்டி, "யாருக்குடா சீரா இல்ல? தொடையில தட்டி எண்ணிப் பாருடா," என்றான்.

நோயே கட்டிலுக்கு அடியிலிருந்து எழுந்து வந்துவிட்டது என்று பையன் நினைத்திருக்க வேண்டும். மரம் மாதிரி மல்லாக்க விழுந்தான்.

நால்வரும் சுற்றி நின்று பார்த்தார்கள். வாத்தியாருக்குப் புல்லரித்துவிட்டது.

"ஒத்திகை இல்ல, அரிதாரம் இல்ல. விழுந்தான் பாத்தியா, இமைகூட ஆடல. பங்குனிக்கு இவன்தான் ராஜா."

ஜெயவேலுவுக்கு அப்போதுதான் நிஜமாகவே நெஞ்சு வலித்தது, கேட்கத்தான் ஆளில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் நல்ல மனசுக்காரன். திறமை எங்கே இருந்தாலும் மதிக்க வேண்டும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். பாதிப் பச்சை கையோடு வந்துவிட்டது.

சத்தம் கேட்டு டாக்டர் நசீமா ஓடிவந்தார். தரையில் மண்டியிட்டு, பையனின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கப் போனார். ஜெயவேலு பதறிப்போய்க் குறுக்கே கையை நீட்டினான்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. மொதல்ல இவரக் கட்டில்ல தூக்கிப் போட்டுடறோம். தரையில கெடந்தா ஏகாம்பரம் எங்க போய் உக்காந்து வாசிப்பான்?"