ஹெப்சியின் டிஸ்க்

"டீச்சர், என் மெஷின் பாதியில நின்னுருது," என்றார் மாசிலாமணி.

டீச்சர் ஜுலைஹாவுக்கு வயது முப்பத்தொன்று. மாசிலாமணிக்கு ஐம்பத்தெட்டு. பாளையங்கோட்டையில் ஞாயிறுதோறும் ஒரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளின் பிரியர்கள் கூடுவார்கள். அங்கே யாருக்குத் தெரிகிறதோ அவர்தான் குரு. வயதை எவரும் பார்ப்பதில்லை.

மாசிலாமணியின் மெஷினில் இருப்பது, யாரோ செய்து வைத்ததை இறக்கிப் போட்ட லினக்ஸ் அல்ல. அவரும் மகள் ஹெப்சியும் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு பகுதியாகத் தாங்களே கட்டியது. இருவரும் சேர்ந்து செய்ததென்று இருந்தது அது ஒன்றுதான்.

ஹெப்சி மஞ்சள் காமாலையில் போய் நான்கு மாதம் ஆகிறது. அதன்பிறகு மெஷின் முழுதாக எழும்பவே இல்லை.

"நிக்கும்போது திரையில என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. கறுப்பா இருக்கு."

"மெஷினைப் பேச விடுங்க. பேசினாத்தான் தெரியும்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். போய், லினக்ஸின் அடித்தளமான கெர்னலை மறுபடியும் கட்டினார். சொந்தமாகக் கட்டியவர்களுக்கே உள்ள வியாதி இது. எது நின்றாலும் அஸ்திவாரத்தைத்தான் சந்தேகிப்பார்கள்.

அடுத்த ஞாயிறு வந்து, பதினோராவது கெர்னலும் நின்றுவிட்டதென்றார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ரெடிமேடாக ஒன்றைப் போடும்படி மச்சினன் சொல்கிறாராம். அதையும் அழித்துவிட்டால் தன்னிடம் மகள் சம்பந்தமாக ஒன்றுமே மிஞ்சாது என்றார்.

ஜுலைஹா கெர்னலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அது வாயைக் கட்டினது யாரு, அண்ணாச்சி?"

மாசிலாமணி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"நான்தான்."

மெஷினையே கொண்டுவரச் சொன்னாள்.

மூன்றாவது ஞாயிறு, போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தார். திரையில் எழுத்து ஓடாதபடி அவர் போட்டிருந்த தடையை ஜுலைஹா எடுத்தாள். ஆன் செய்தாள். வரிகள் கடகடவென்று ஓடின. பிறகு ஓரிடத்தில் நின்றன.

ஆங்கில எழுத்தில் தமிழ். ஹெப்சி எழுதி வைத்தது.

பொறுங்கப்பா, ஹெப்சி வந்துட்டிருக்கா.

ஒரு நொடி கழித்து அதற்குக் கீழே அதே வரி. அதற்கும் கீழே அதே வரி.

ஹெப்சி தன் சாமான்களையெல்லாம் வெளியே செருகும் ஒரு பழைய டிஸ்கில் வைத்திருந்தாள். அது எழும்ப நேரமாகும். அப்பாவோ பொறுமை இல்லாமல் எதையாவது தட்டிக் கெடுத்துவிடுவார். அதனால், டிஸ்க் வரும்வரை காத்திரு என்று மெஷினுக்கு எழுதிவிட்டாள். எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை.

"அந்த டிஸ்க் எங்க?"

"அவ பெட்டிக்குள்ள வச்சு அடக்கம் பண்ணிட்டேன். அவ பாட்டு, படம், எழுத்து எல்லாம் அதுலதான். அவகூடவே போகட்டும்னு."

"அப்ப இது எதுக்கு நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் டீச்சர். வேற ஏதாவது காரணம் இருந்துரக் கூடாதான்னு பாத்தேன்."

அறையில் இருந்த ஒருவர், அந்த வரியைத் தூக்கிவிட்டால் ஒரு நிமிட வேலை என்றார். சரியான யோசனைதான். ஜுலைஹா திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அவள் தன் பென்டிரைவைச் செருகி, அதைக் கொண்டு மெஷினை எழுப்பி, ஹெப்சி எழுதிய அந்த இடத்தைத் திறந்தாள். கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எவ்வளவு நேரம் காத்திருக்கட்டும்? நீங்களே போடுங்க."

மாசிலாமணி அழுதார். கல்லறைத் தோட்டத்தில்கூட அழாத மனிதர், அத்தனை பேர் முன்னால் வாய்விட்டு அழுதார். ஜுலைஹா தேற்றவில்லை. கீபோர்டையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"அந்த டிஸ்க் எழும்பப் பதினெட்டு நொடி ஆகும்," என்றார் கடைசியில்.

"அது வராது, அண்ணாச்சி."

"தெரியும்."

பதினெட்டு என்று அடித்தார்.

மறுபடி ஆன் செய்தார்கள். ஹெப்சியின் வரி ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தது. அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

பத்தொன்பதாவது நொடியில் திரை வெறுமையானது. பிறகு மெஷின், உள்ளே வருவது யார் என்று அவரிடம் பெயர் கேட்டது.