அருளப்பன் சாரின் பதினொரு கேள்விகள்

எங்கள் கல்வியியல் துறையில் குருவுக்கு முப்பத்தொன்பது வயது. சீடருக்கு ஐம்பத்து நான்கு.

குரு, பேராசிரியர் மெஹராஜ் பேகம். சீடர், துறையூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் அருளப்பன். மேடத்திடம் பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். அவர் இவரை சார் என்பார், இவர் அவரை மேடம் என்பார். பக்கத்து மேசைக்காரனான நான் இரண்டு பேருக்கும் டீ சொல்வேன்.

அருளப்பன் சொந்தமாக ஒரு முறை கண்டுபிடித்து வைத்திருந்தார். வட்ட வாசிப்பு என்று பெயர். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, நடுவில் ஒரு முக்காலி போட்டு, யார் வாசிக்கிறார்களோ அவர்கள் பக்கம் திரும்பித் திரும்பி உட்காருவார். எழுத்தே தெரியாமல் வந்த பிள்ளைகள் ஆறு மாதத்தில் கடகடவென்று வாசித்தார்கள். இதை மலையடிவாரத்தில் இருக்கும் அறுபது பள்ளிக்கும் கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை, பேச ஆரம்பித்தால் மனுஷரை நிறுத்தவே முடியாது.

அதற்கு மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி நிதி வேண்டும். நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் போகும், தேறுவது முப்பதோ நாற்பதோ. அருளப்பன் இரண்டு தடவை எழுதி, இரண்டும் திரும்பி வந்துவிட்டன. பள்ளி ஆசிரியர்களுக்கு ஐம்பத்தைந்து வயது வரைதான் அனுமதி, அதனால் இந்த மூன்றாவது தடவைதான் கடைசி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு இணையதளத்தை மூடிவிடுவார்கள்.

திங்கட்கிழமை வந்தவர் ஃபைலை மேசையில் தொப்பென்று போட்டார்.

"போன தடவை என்ன சொல்லித் திருப்பி அனுப்பினாங்க தெரியுமா மேடம்? ஆய்வுக் கேள்வி இல்லைன்னு ஒரே வரி. பதினொரு கேள்வி நம்பர் போட்டு எழுதியிருக்கேன். படிச்சுத்தான் பார்த்தாங்களா?"

"இப்போ நான் என்ன செய்யணும்?"

"என் இங்கிலீஷ் பத்தலை போல. நீங்க கனமான வார்த்தையா நாலு போட்டுக் கொடுங்க."

மேடம் ஃபைலைப் பிரித்து உரக்க வாசித்தார்.

"முதல் கேள்வி. சத்தமாக வாசிப்பது மாணவரின் வாசிப்புத் திறனை மேம்படுத்துமா?"

"மேம்படுத்தும்," என்றார் அருளப்பன்.

"வட்டமாக உட்காருவது பயத்தைக் குறைக்குமா?"

"குறைக்கும்."

"பெற்றோரின் பங்கேற்பு உதவுமா?"

"கண்டிப்பா உதவும்."

இப்படியே பதினொன்றும் முடிந்தது. ஒன்றுக்குக்கூட அவர் நின்று யோசிக்கவில்லை. வகுப்பில் முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி வாய் தயாராக இருந்தது.

"நூத்துக்கு நூறு," என்றார் மேடம். "இருபத்தொன்பது வருஷமா கிளாஸ்ல கேள்வி கேக்குறீங்களே சார், விடை தெரியாம எதையாவது கேட்டிருக்கீங்களா?"

"விடை தெரியாம வாத்தியார் எப்படி மேடம் கேக்கிறது? பிள்ளைங்க சிரிக்காதா?"

"நாளைக்குப் போய் அப்படி ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வாங்க. அப்புறம் எழுதலாம்."

"நாலு நாள்தான் இருக்கு மேடம்."

"ஒரு கேள்விக்கு நாலு நாள் ஆகுமா?"

அருளப்பன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனார். போகும்போது என்னிடம், "பாருங்க, இந்த நேரத்துல விளையாடுறாங்க," என்று முணுமுணுத்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் பட்டது.

புதன்கிழமை மதியம் திரும்பி வந்தார். ஃபைல் கையில் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"கேட்டீங்களா?" என்றார் மேடம்.

"கேட்டேன். நேத்து உங்க வீட்ல என்ன குழம்புன்னு கேட்டேன். அது எனக்குத் தெரியாதுல்ல?"

"சரி."

"முப்பத்திரண்டு பிள்ளைங்களும் கீரைக் குழம்புன்னாங்க. போன வாரம்தான் ஊட்டச்சத்துப் பாடம் நடத்தினேன்."

மேடம் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அருளப்பன் சிரிக்கவில்லை.

"அப்புறம் தர்ஷிகாவைக் கூப்பிட்டேன்," என்றார்.

தர்ஷிகா நான்காம் வகுப்பு. வட்ட வாசிப்பின் பெருமை அவள்தான். அதிகாரிகள் யார் வந்தாலும் அவளைத்தான் எழுப்பி வாசிக்கச் சொல்வார். விண்ணப்பத்திலேயே பேர் போடாமல் அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார்.

"வாசிக்கும்போது ஒரு எழுத்து தெரியலைன்னா என்னம்மா பண்ணுவேன்னு கேட்டேன். சத்தியமா எனக்கு விடை தெரியாது மேடம். இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளைகிட்டயும் இதைக் கேட்டதில்லை."

"என்ன சொன்னா?"

"உங்க மூஞ்சியப் பார்ப்பேன் சார்னா. தப்பா வாசிச்சா உங்க புருவம் மேல போகும், உடனே வேற மாதிரி சொல்லிப் பார்ப்பேன், சரின்னா நீங்களும் கூடவே வாயசைப்பீங்க, அதை வச்சு அடுத்ததையும் சொல்லிடுவேன்னா. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை நான் மட்டும் கேக்குற மாதிரி பார்த்தா."

அருளப்பன் இன்னொரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"நான் போர்டு பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு, இப்போ வாசிம்மான்னேன். ரெண்டு வரி வந்துச்சு. அப்புறம் சத்தமே இல்லை. எனக்கு அழுகை வந்துடுச்சு மேடம். அதான் திரும்பவே இல்லை."



"மத்த பிள்ளைங்க?" என்றார் மேடம்.

"நாலாம் வகுப்புல பாதிப் பேர் அப்படித்தான். ஆனா ஏழாம் வகுப்புப் பிள்ளைங்களையும் கூப்பிட்டு, திரும்பி நின்னுக்கிட்டே வாசிக்கச் சொன்னேன். பிசிறில்லாம வாசிக்கிறாங்க. அவங்களும் அதே வட்டத்துல உட்கார்ந்த பிள்ளைங்கதானே?"

"அப்படின்னா?"

"அப்படின்னா, என் மூஞ்சியப் பார்த்ததால கத்துக்கிட்டாங்களா, பார்த்தும் கத்துக்கிட்டாங்களா?"

"எது சார்?"

அருளப்பன் வாயைத் திறந்தார். வாத்தியார் வாய், பழக்கத்தில் திறந்துவிட்டது. பிறகு மூடிக்கொண்டார்.

"தெரியலை மேடம்."

மேடம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "இப்போ கேட்டதை அப்படியே எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க, இங்கிலீஷ்ல நான் மாத்திக்கிறேன்."

"எதை? பார்த்ததாலயா, பார்த்துமாங்கிறதையா?"

"அதைத்தான்."

"மேடம், யோசிச்சுச் சொல்லுங்க. என் வட்டம்தான் பிள்ளைங்களுக்குத் தடங்கல்னு முடிவு வந்தா? அறுபது பள்ளிக்கூடம் கிடக்கட்டும், என் ஸ்கூல்லயே அதை நிறுத்தணும். பேரே அதனாலதான் எனக்கு."

"ஆமா. நிறுத்தத்தான் வேணும்."

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. எனக்கே மனுஷர்மேல் இரக்கமாக இருந்தது. பேசாமல் பழைய பதினொன்றையே அனுப்பச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"சரி, வர்றது வரட்டும்னு எழுதிடறேன்," என்றார் கடைசியில். "ஆனா நாட்டுல இருக்கிற அத்தனை பேரும் என் முறை ஜெயிக்கும், எனக்குத் தெரியும்னு எழுதி அனுப்புவாங்க. நான் ஒருத்தன் மட்டும் எனக்குத் தெரியலைன்னு எழுதினா எந்தக் கமிட்டி மேடம் எனக்குப் பணம் தரும்?"

மேடம் பேனாவின் மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

"தெரிஞ்சவருக்கு எதுக்கு சார் பணம்?"