ராஜாவின் கொஞ்சுசதை

மணல்மேட்டுப்பட்டணத்து ராஜா கார்மேக பூபதிக்குச் சிரிக்கவே தெரியாது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சுத்தப் பொய். வயிறு குலுங்கச் சிரிப்பார். என்ன, அதை யாரும் பார்த்ததில்லை. சிம்மாசனத்தில் பல் தெரிந்தால் குடிகளுக்குப் பயம் விட்டுப்போகும் என்பது அந்த வம்சத்து வழக்கம். அதனால் சிரிப்பு வந்தால் ராஜா எழுந்து, பின்னால் தொங்கும் பட்டுத்திரைக்குள் போய்விடுவார். உள்ளே இடி இடிக்கும். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உர்ரென்று உட்காருவார்.

சபை விகடர் திருமலைக்கொழுந்துக்கு இதில் தீராத மனக்குறை. பந்தி போட்டவன் கண்ணெதிரே யாரும் சாப்பிடாவிட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்?

அந்த வருஷம் கொரிய தேசத்திலிருந்து கிம் என்ற வியாபாரி கப்பலில் வந்து இறங்கினார். தன் நாட்டு அழகி ஒருத்தியின் படத்தைச் சபையில் விரித்துக் காட்டினார்.

"கண்ணுக்குக் கீழே, இமையை ஒட்டிச் சின்ன மேடு தெரிகிறதா, மகாராஜா? இதைக் கொஞ்சுசதை என்போம். இது இருந்தால்தான் முகத்தில் இளமை, பிரியம் எல்லாம்."

"எனக்கு இருக்கிறதா?"

கிம் உற்றுப் பார்த்தார். "இல்லை, மகாராஜா. ஆனால் அது எப்போது வரும் என்றால்..."

"போதும்! நீர் கப்பல் ஏறும் வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அது வந்தாக வேண்டும். என் படம் கொஞ்சுசதையோடுதான் உம் தேசத்துக்குப் போகும்."

ராஜா சொல்லுக்கு மறுசொல் ஏது? கிம் வாயை மூடிக்கொண்டார்.

அரண்மனை வைத்தியர் பொன்னுரங்கம் முன்னால் வந்தார். 'தெரியாது' என்ற வார்த்தையை அவர் ஆயுளில் சொன்னதில்லை.

"கண்ணுக்குக் கீழே வீங்க வேண்டும், அவ்வளவுதானே பிரபு? மூன்று வேளையும் உப்புக் கருவாடு சாப்பிடுங்கள். ஐந்து நாள் தூங்காதீர்கள்."

ஐந்தாம் நாள் வீங்கத்தான் செய்தது. ஆனால் அது கன்னம் வரை தொங்கி, கத்திரிக்காய் நிறத்தில் கறுத்திருந்தது. ராஜா உறுமினார். வைத்தியர் சட்டென்று பழியைத் தூக்கி ஒப்பனைக்காரி வடிவாம்பாள் தலையில் போட்டார்.

"மருந்தில் குறையில்லை. இவள்தான் சந்தனம் பூசுகிறேன் என்று மேட்டை அமுக்கிக் கீழே தள்ளிவிட்டாள்."

"வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் இவள் ஊர் எல்லையைத் தாண்டட்டும்!" என்றார் ராஜா.

வடிவாம்பாள் அழுதுகொண்டே கொழுந்திடம் ஓடினாள்.

"புருஷனும் போயிட்டாரு. நாலு பொட்டப்புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன், அண்ணாச்சி?"

"அழாத தாயி. அந்தப் படத்துல இருக்கிற பொண்ணு என்ன செஞ்சுக்கிட்டு இருக்கா?"

"சிரிச்சுக்கிட்டு இருக்கா."

"நீயும் சிரி, பாப்போம். நம்ம பொன்னுரங்கம் தனக்குக் காய்ச்சல்னா பக்கத்து ஊரு வைத்தியர்கிட்டப் போறாராமே?"

அவ்வளவு அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொழுந்து அவள் கண்ணுக்குக் கீழே விரலை நீட்டினார்.

"இந்தா, உனக்கு வந்துட்டே!"

அவள் தொட்டுப் பார்த்தாள். சின்ன மேடு. "ஆனா மகாராஜா சபையில சிரிக்க மாட்டாரே. நாம சொன்னா நம்பவும் மாட்டாரே."

"உன் ஆளுயரக் கண்ணாடியைக் கொடு. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

வெள்ளிக்கிழமை சபை கூடியது. கிம் விடைபெற வந்து நின்றார். ஓவியர் தூரிகையோடு காத்திருந்தார். வடிவாம்பாள் தூணோரம் ஒண்டிக்கொண்டாள். கொழுந்து எழுந்தார்.

"மகாராஜா, வைத்தியர் சொன்ன வழிதான் சரி என்றால், அதில் உங்களுக்கு முன்னாலேயே கரை கண்டவர் ஒருவர் நம் ஊரில் இருக்கிறார். அவர் படத்தையே அனுப்பிவிடலாம்."

"யாரது?"

கழுத்தில் மாலையும் தலையில் பட்டுப்பாகையுமாக உள்ளே வந்தவர் கோட்டைக் காவல்காரர் மூக்காண்டி.

"முப்பது வருஷமாக இராக்காவல். பகலில் பேரப்பிள்ளைகள் தூங்க விடுவதில்லை. வேளைக்கு வேளை கருவாடு. வைத்தியர் கணக்குப்படி பூலோகத்திலேயே இவர்தான் பேரழகர்!"

மூக்காண்டி கன்னத்தில் தொங்கிய சதையைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"நெசமாவா சாமி? இத முன்னாலயே சொல்லக் கூடாதா? என் மூஞ்சியப் பாத்தா எருமை மிரளுதுன்னு, பால் கறக்கையில பொஞ்சாதி என்னத் தொழுவத்துப் பக்கமே விடமாட்டேங்கா!"

சபை வாயைப் பொத்திக்கொண்டது. ராஜாவின் உதடு துடித்தது. தோள் குலுங்கியது. விருட்டென்று எழுந்து திரைக்குள் ஓடினார். உள்ளே இடி இடித்தது. சட்டென்று நின்றது.

"அடேய்!" என்று ஒரு கூச்சல்.

உள்ளே, ராஜாவுக்கு நேரெதிரே, வடிவாம்பாளின் ஆளுயரக் கண்ணாடி நின்றது. ராஜா தன் சிரித்த முகத்தைப் பிறந்ததிலிருந்து அன்றுதான் பார்த்தார். திரையை விலக்கிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய வெளியே வந்தார்.

"கிம்! இதுவா பாரும்!"

தொங்கிய வீக்கத்துக்கு மேலே, இமையை ஒட்டி, அழகாக இரண்டு சின்ன மேடுகள்.

"அதுவேதான், மகாராஜா! சிரிக்கும்போதுதான் வரும். அன்றைக்கே சொல்ல வந்தேன். நீங்கள் விடவில்லை."

வைத்தியர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

"எங்கே போகிறீர்?" என்றார் ராஜா. "இன்றிலிருந்து ஐந்து நாள் மூக்காண்டி தூங்கட்டும். அவருக்குப் பதில் நீர் காவல் இரும். கருவாட்டை நான் அனுப்பி வைக்கிறேன். வடிவாம்பா, உன் வேலை உனக்கேதான். அழாதே."

பிறகு கொழுந்தைப் பார்த்தார். "ஏனய்யா, இத்தனை வருஷமாய் இது என் முகத்தில் இருப்பதை நீர் ஒருநாளும் சொல்லவில்லையே?"

"எங்களுக்கு எங்கே உங்கள் முகம் தெரிந்தது, மகாராஜா? திரைதானே தெரிந்தது!"

"சரி, உமக்கு என்ன பரிசு வேண்டும்? கேளும்" என்றார் ராஜா.

"அந்தத் திரைதான். வடிவாம்பாளின் நாலு பிள்ளைகளுக்கும் பாவாடை ஆகும். நான் போடுகிற பந்தியில் நீங்கள் சாப்பிடுவதை நானும் கண்ணால் பார்ப்பேன்."

ராஜாவுக்கு மறுபடி சிரிப்புப் பொங்கியது. பழக்கதோஷம், எழுந்து பின்னால் ஓடினார். அதற்குள் வடிவாம்பாள் திரையை அவிழ்த்து மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள்.