உறுமாத வண்டி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் பகுதியில் ஷேர் ஆட்டோ ஓட்டும் சவரிமுத்து அண்ணன். போன வருடம் தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து மாதா கோவில் வாசலில் நின்றிருந்தபோது சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என் பிள்ளைகள் மூவரும் வளர்ந்து ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன், கேளுங்கள் செல்லங்களே.

ஒரு காட்டில் ஒரு கரடி டீசல் ஆட்டோ ஓட்டி வந்தது. மலையடியிலிருந்து ஆற்றங்கரைச் சந்தை வரைக்கும் போக அந்த வண்டியை விட்டால் வேறு வண்டி கிடையாது. அது கிளம்பினால் நாலு மேடு தாண்டியும் சத்தம் கேட்கும். "கரடியண்ணன் வருது" என்று எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வழிக்கு வந்துவிடுவார்கள். வண்டியின் பின்னால் கறுப்பாகப் புகை வரும். அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யார் புது வண்டி வாங்கினாலும் ஆலமரத்தடிக்குக் கொண்டுவர வேண்டும். மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். பிறகு கரடி ஏறி உட்கார்ந்து, வண்டி நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை மூன்று முறை முறுக்கும். வண்டியும் மூன்று முறை உறுமும். காடே கைதட்டும். அப்புறம்தான் சக்கரம் பழத்தை நசுக்கிக்கொண்டு நகரும்.

அந்த மரியாதை கரடிக்கு மட்டும்தான். கரடிக்கு அதில் ரொம்பப் பெருமை.

ஒரு நாள் புள்ளிமான் ஒரு பேட்டரி ஆட்டோ வாங்கி வந்தது. மானுக்குத் துணை இல்லை. ஒரே ஒரு குட்டி. அந்தக் குட்டிக்குப் புகை பட்டால் போதும், மூச்சு இழுத்துக்கொள்ளும். புகை இல்லாத வண்டி ஓட்டிப் பிழைத்தால் குட்டியையும் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் மான் அதை வாங்கியது.

ஆலமரத்தடியில் கூட்டம் கூடியது. குரங்குதான் முதலில் வாயைத் திறந்தது.

"ஏன்க்கா, இதுக்கு செல்போன் மாதிரி சார்ஜ் போடணுமாமே? நடு வழியில சார்ஜ் தீர்ந்துட்டா நாங்க இறங்கித் தள்ளணுமா?"

"உன்னைத் தள்ளச் சொல்ல மாட்டேன் தம்பி. நீ வண்டியில ஏறினாலே வாய் வலிக்கப் பேசுவே. அந்தப் பேச்சுலயே சார்ஜ் ஏறிடும்" என்றது மான்.

எல்லோரும் சிரித்தார்கள். கரடி மட்டும் சிரிக்கவில்லை. மிடுக்காக ஏறி உட்கார்ந்தது. மான் பக்கத்தில் வந்து சாவியைத் திருப்பிவிட்டு மெதுவாகச் சொன்னது.

"அண்ணே, வண்டி இப்ப உயிரோடதான் இருக்கு. சத்தம்தான் வராது. இந்த சுவிட்சை மட்டும் தொடாதீங்க. தொட்டுட்டு முறுக்கினா ஓடிரும்."

கரடி தலையை ஆட்டியது. ஆட்டியதே தவிர, அதன் மனம் கூட்டத்தின் மேல் இருந்தது. ஒரு முறுக்கு முறுக்கியது. ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தரம் முறுக்கியது. இலை விழுகிற சத்தம்தான் கேட்டது.

"அண்ணனுக்குக் கை தளர்ந்துபோச்சோ?" என்றது குரங்கு.

அவ்வளவுதான். கரடிக்கு முகம் சிவந்துவிட்டது. "செத்த வண்டியை மாலை போட்டுக் கொண்டாந்திருக்கா!" என்று கத்தியபடி, கண்ணில் பட்ட சுவிட்சையெல்லாம் தட்டிவிட்டு, முழுப் பலத்தோடு மூன்றாம் முறுக்கு முறுக்கியது.

வண்டி பாய்ந்தது.

எலுமிச்சம்பழம் தெறித்தது. கூட்டம் சிதறியது. ஓடமுடியாமல் நின்றது ஆமை ஒன்றுதான். பனங்கிழங்குக் கட்டோடு பூசை பார்க்க வந்திருந்த ஆமை. வண்டி அதன் மேல் மோதி, ஓட்டின் ஒரு பக்கம் விரிசல் விட்டுவிட்டது. கூடவே ஓடி வந்த மான்தான் உள்ளே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி நிறுத்தியது. புழுதியில் அதை யாரும் பார்க்கவில்லை.

கரடி இறங்கியது. எல்லாக் கண்களும் அதன் மேல் இருந்தன. வாயில் முதலில் வந்ததைச் சொல்லிவிட்டது.

"நான் ஒண்ணுமே பண்ணலை! அது தானா ஓடிச்சு!"

"அண்ணே, நான் சொன்னேனே?" என்றது மான்.

"எப்ப சொன்னே? என் காதுல விழலையே."

மான் ஆமையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலத்துக்குள் குரங்கு காடு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டது. "பேய் பிடிச்ச வண்டி. சத்தமே இல்லாம வந்து ஆளை அடிக்குது." தலைவரான யானையும் பயந்துதான் போனது. "மூன்றாம் நாள் காலையில் அதைப் பள்ளத்தில் தள்ளிவிடுங்கள். இனிமேல் அந்த மாதிரி வண்டி இந்தக் காட்டுக்குள் வரக் கூடாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

கரடியை யாரும் குறை சொல்லவில்லை. அதற்கு மாறாக, ஆளாளுக்கு வந்து ஆறுதல் சொன்னார்கள். நரி ஒரு கூடு தேன் கொண்டுவந்து வைத்தது. "பாவம், பேய் வண்டி மேல உட்கார்ந்துட்டு வந்திருக்கீங்க. மனசைத் தேத்திக்குங்க" என்றது. கரடி தேனைத் தொடவில்லை. எறும்பு மொய்த்தது.

இரண்டாம் நாள் கரடி ஆமையைப் பார்க்கப் போனது. போகாமல் இருந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்களோ என்ற பயத்தில்தான் போனது. ஆமை இலைக் கட்டோடு படுத்திருந்தது. கரடியைப் பார்த்ததும் கழுத்தை நீட்டி, கண் கலங்கச் சொன்னது.

"வாய்யா கரடி. நீ மட்டும் அப்ப நிறுத்தலேன்னா நான் இன்னைக்கு இல்லை. உனக்காகத்தான் ரெண்டு வேளையும் சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

கரடி "அது நான் இல்லைங்க" என்று சொல்ல வாயைத் திறந்தது.

"உடம்பைப் பாத்துக்குங்க" என்று மட்டும்தான் வந்தது. வெளியே வந்து ஒரு புதர் மறைவில் வெகுநேரம் நின்றது.

மூன்றாம் நாள் விடிந்தது. வண்டியைப் பள்ளத்தின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆமையையும் ஒரு ஓரமாகக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அன்றுதான் அதற்குக் கட்டு மாற்ற வேண்டிய நாள். மான் வண்டிக்குள் குனிந்து, வாடிப்போன மாலையைக் கழற்றியது. பின் சீட்டில் குட்டிக்காக விரித்து வைத்திருந்த துணியை எடுத்து மடித்து வைத்துக்கொண்டது. குட்டி கேட்டது.

"அம்மா, நாளையிலேருந்து நாம கரடி மாமா வண்டியிலயா போகணும்?"

"ஆமாம்டா."

"எனக்கு மூச்சு முட்டுமே?"

"மூக்கையும் வாயையும் மூடிக்கிட்டு உட்கார்ந்துக்கலாம்."

கரடியின் காதில் இது விழுந்தது.

யானை கூப்பிட்டது. "முதல் முறுக்கு எப்பவும் உன்னுடையதுதானே கரடி. முதல் தள்ளும் உன்னுடையதாகவே இருக்கட்டும். வா."

கரடி போய் வண்டியின் பின்னால் கையை வைத்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். கை தள்ளவில்லை.

"என்ன அண்ணே, இன்னும் பயமா?" என்றது குரங்கு.

"வண்டியைப் பாத்து இல்லை" என்றது கரடி. குரல் அதற்கே கேட்காத மாதிரி இருந்தது. "நான்தான்."

"என்ன நீ?" என்றது யானை.

"நான்தான் முறுக்கினேன். மான் சொல்லிச்சு. சுவிட்சைத் தொடாதீங்கன்னு சொல்லிச்சு. என் காதுல நல்லா விழுந்துச்சு. வண்டியை நிறுத்தினதும் நான் இல்லை. அதுவும் மான்தான்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" என்றது யானை.

"இத்தனை வருஷமா இந்தக் கை முறுக்கின வண்டியெல்லாம் உறுமிச்சு. இது உறுமலை. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தீங்க. வெட்கமா இருந்துச்சு, பொய் சொல்லிட்டேன். அப்புறம் தேன் கொண்டாந்தீங்க. சாமி கும்பிட்டேன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?"

நரி தரையைப் பார்த்தது. பேய்க் கதையைக் காடெங்கும் சொன்ன குரங்கு மரத்தின் பின்னால் ஒதுங்கிக்கொண்டது.

கரடி ஆமையைப் பார்த்தது. ஆமை நீட்டியிருந்த கழுத்தை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது. திட்டியிருந்தால்கூடக் கரடிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வண்டியை விளிம்பிலிருந்து திருப்பினார்கள். மான் ஏறி உட்கார்ந்து, துணியை மறுபடியும் பின் சீட்டில் விரித்தது.

"ஏறுங்க அண்ணே" என்றது.

"நானா?"

"ஆமையாரை வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். பாதை மேடும் பள்ளமுமா இருக்கு. கெட்டியா பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும். என் குட்டிக்கு அவ்வளவு பலம் கிடையாது."

கரடி ஏறியது. ஆமையை மடியில் வைத்து, விரிசல் விட்ட பக்கத்தில் கை படாமல் பிடித்துக்கொண்டது. வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது.

கரடியின் சொந்த வண்டியாக இருந்தால் அந்த இரைச்சலில் ஒன்றுமே கேட்டிருக்காது. இதில் எல்லாமே கேட்டது. ஒவ்வொரு மேட்டிலும் ஓட்டுக்குள்ளிருந்து ஆமை முனகுவது கேட்டது. வைத்தியர் வீடு வரும்வரை கரடி அதைக் கேட்டுக்கொண்டே போனது.

நீதி: தன் கை செய்த தவறை இன்னொருவர் மேல் போடாதே, சொல்லாமல் கடத்துகிற ஒவ்வொரு நாளும் வெட்கம் இன்னும் கனமாகும்.

செல்லங்களே, நாளைக்கு யாராவது உங்களிடம் வந்து "அது நான்தான்" என்று சொன்னால், கோபப்படுவதற்கு முன்னால் அவரை ஒரு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள்.